பெரிய வீடு, தனி ஆள், மறதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரியவர்களின் மறதி, தனிமை, அன்றாடப் பழக்கங்கள் பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். முதியோர் நலம், செவித்திறன், பிசியோதெரபி, உணவியல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

ஆத்தாவுக்கு 76 வயது. அப்பச்சி (அப்பா) போன பிறகு பள்ளத்தூர் வீட்டில் தனியாக இருக்கிறார். வேலைக்கு வரும் அம்மா காலை 11 மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் நாங்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். தினமும் வீடியோ காலில் பேசுகிறோம். ஒரு வருடமாக "ம்", "சரி" தவிர அதிகம் பேசுவதில்லை. சொன்னதையே திரும்பக் கேட்கிறார். தனிமையால் மறதி நோய் வருமா?
*வாசகி, சென்னை*

தனிமையும் ஒரு காரணம்தான். மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் மருத்துவக் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. அவை அத்தனையையும் சரிசெய்தால் உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் கணக்கு. மனிதத் தொடர்பு அற்றுப்போவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. காது மந்தமாவதும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எங்களுக்கு முதலில் தோன்றியது காதுதான். "ம்", "சரி" என்று முடித்துக்கொள்வதும், சொன்னதையே திரும்பக் கேட்பதும், பாதி மட்டும் காதில் விழுபவர் செய்கிற காரியம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். ஆத்தாவை உட்காரவைத்து, அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நில்லுங்கள். உங்கள் உதட்டை அவர் பார்க்கக் கூடாது. ஒரு காதின் துவாரத்தை விரலால் மூடி மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, மறு காதுக்குக் கேட்கும்படி "நாலு, க, ஏழு" என்பதுபோல் மூன்றைக் கிசுகிசுத்து, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் சரியென்றால் அந்தக் காது பரவாயில்லை. தவறினால் வேறு மூன்றைச் சொல்லுங்கள். மொத்தம் ஆறில் மூன்றுகூடச் சரியாக வராவிட்டால் ஆடியோமெட்ரி எனும் செவித்திறன் பரிசோதனை தேவை. பரிசோதனைக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுக்குள் பார்க்கட்டும். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும் பெரியவர்கள் உண்டு.

காது கேட்கும் கருவி வாங்கியவர்களில் பலர் அதைப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் முதல் வாரத்தில் இருக்கிறது. பல வருடம் கேட்காத மின்விசிறிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் ஒரே நாளில் திரும்பி வந்தால் யாருக்கும் தாங்காது. முதல் வாரம் அமைதியான அறையில், ஒருவரோடு பேசும்போது மட்டும், நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போடட்டும். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். கல்யாண வீட்டுக்கும் கோயில் கூட்டத்துக்கும் கடைசியில் போட்டால் போதும். 'கீ' என்று விசில் வந்தால் காதில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கொடுத்த இடத்துக்கே போய், காதுக்குள் பொருந்தும் மோல்டை மாற்றித் தரக் கேளுங்கள். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் இரண்டு மூன்று நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். உடனே போட்டால் சீக்கிரம் தீரும். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

கருவி போட்டால் மறதி நின்றுவிடுமா? அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் மூன்று வருடம் நடந்த 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இதய நோய் ஆபத்தும் வேறு குறைகளும் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு நினைவுத்திறன் இறங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்தது. மறதிக்கு மருந்து என்று நினைத்துக் கருவி வாங்க வேண்டாம். ஆத்தா மறுபடி பேச்சில் கலந்துகொள்ள வழி என்று நினைத்து வாங்குங்கள்.

வீடியோ காலையும் கொஞ்சம் மாற்றுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காது மந்தமானவருக்கு அது இரைச்சல். ஒரு நாளைக்கு ஒருவர் பேசுங்கள், உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காருங்கள். "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்பதற்குப் பதில் "ம்" தான் வரும். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும் வரிசை, கந்தரப்பத்துக்கு அரிசியும் பருப்பும் போடும் அளவு, எந்தப் பங்காளி வீடு யாருக்குச் சேர்ந்தது என்று அவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள், கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். அப்பச்சி போன பிறகு சாப்பாட்டில் நாட்டமில்லை, தூக்கம் கெட்டது, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வும் மறதிபோலவே தோன்றும். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, காலம் கடத்தாதீர்கள்.

ஐயாவுக்கு 81 வயது. போன மாதம் வரை கணக்கு நோட்டு எழுதியவர். மூன்று நாளாக இரவில் "முகப்பில் யாரோ நிற்கிறார்கள்" என்கிறார், வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். பகலில் தூங்கி வழிகிறார். மறதி நோய் முற்றிவிட்டதா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
*வாசகர், தேவகோட்டை*

தூக்க மாத்திரை வேண்டாம். இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக விரிவாக எழுதுகிறோம்.

மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வரும். மூன்று நாளில் ஆள் மாறிப்போனால், அதுவும் ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம் என்றிருந்தால், அது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு நடக்கிறது, மூளை அதை இப்படிக் காட்டுகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் இது. காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள், முழுதாகத் தெளிய சில வாரம் ஆகலாம்.

காரணங்களில் முன்னால் நிற்பவை சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர் வற்றுதல், ரத்தத்தில் சோடியம் குறைதல், சிறுநீர் அடைப்பு, நாள்பட்ட மலச்சிக்கல், சர்க்கரை தாழ்ந்துபோதல். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம், அதனால் உடம்பு சுடவில்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைட் வகை நீர் மாத்திரை அதை இறக்கிவிடக்கூடும். அடுத்தது கடையில் வாங்கிய மாத்திரை. சளிக்கு வாங்கும் பல கூட்டு மாத்திரைகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது. இளையவருக்குத் தூக்கம் மட்டும் வரும், 80 வயதுக்காரருக்குக் குழப்பம் வரும். நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்சிபியூட்டினின் ஆகியவையும் இதே குணம் உள்ளவை.

கடந்த சில வாரத்தில் விழுந்தாரா, கதவு நிலையில் தலை இடித்ததா என்று யோசியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இது மிக முக்கியம். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழப்பமாக வெளிப்படும், சிடி ஸ்கேனில்தான் தெரியும்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. படுக்கை முகப்பிலோ, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவிலோ இருக்கும், கழிப்பறை பின்கட்டில் இருக்கும். இரவில் மூன்று நிலைப்படி தாண்டி, முற்றத்தைச் சுற்றிப் போக வேண்டும். அதற்குப் பயந்து பெரியவர்கள் மாலை நான்கு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நீர் வற்றவும் சிறுநீர்த் தொற்று வரவும் அது போதும். "தண்ணி குடிங்க ஐயா" என்று சொல்லிப் பயனில்லை. படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள், அல்லது கட்டில் அருகே கமோட் நாற்காலி போடுங்கள். தண்ணீர் தானாக உள்ளே போகும். இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு மட்டும் அளவு வேறு.

மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு மருந்து உட்பட. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் கூடவே போகட்டும். அங்கே தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பகலில் வெளிச்சம், இரவில் அமைதி வேண்டும். கையைக் கட்டிப்போட்டால் குழப்பம் கூடும்.

பாதாம், வல்லாரை, ஞாபகசக்தி மாத்திரை, சுடோகு: இவற்றில் எது வேலை செய்யும்?
*வாசகர், புதுவயல்*

பாதாம் நல்ல உணவு, அவ்வளவே. வல்லாரையோ கடையில் விற்கும் ஞாபகசக்தி மாத்திரைகளோ மறதி நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பழகிய கட்டங்களை நிரப்புவதைவிடப் புதிதாக ஒன்றைக் கற்பதும், அதை நாலு பேரோடு சேர்ந்து செய்வதும் மேல். பனை ஓலையில் கொட்டான் (கூடை) முடையத் தெரியாதவர் முடையக் கற்றுக்கொள்ளட்டும். முடையத் தெரிந்தவர் பேத்திக்குக் கற்றுக்கொடுக்கட்டும். ஓலையை எண்ணி எடுத்து வண்ணம் மாற்றிப் போடும்போது கணக்கும் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. தாயம் ஆடினால் எதிராளியோடு வாதாடவும் வேண்டும், அது இன்னும் நல்லது. காரைக்குடியில் 1939-லிருந்து கம்பன் விழா நடக்கிறது. கேட்டுவிட்டு வந்து வீட்டில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு 72 வயது. நடக்கச் சொல்கிறார்கள். தெருவில் நாயும் பைக்கும். விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே நடந்தால் பலன் உண்டா?
*வாசகி, கண்டனூர்*

உண்டு. உங்களிடம் இருப்பது மாதிரி நடைபாதை பலருக்கு வாய்க்காது. வளவைச் சுற்றித் தூண் வரிசையை ஒட்டி நடந்தால் வெயிலும் இல்லை, வண்டியும் இல்லை, கை நீட்டினால் தூண் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். முதல் வாரம் ஐந்து நிமிடமாக மூன்று வேளை நடங்கள். வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள்.

நடை மட்டும் போதாது. விழாமலிருக்கத் தொடைக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் வேண்டும். கை இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். உங்கள் வயதுப் பெண்ணுக்கு 10-க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து கூடுதல். அதையே பயிற்சியாகவும் செய்யலாம்: ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து, வாரம் மூன்று நாள். கையை ஊன்றித்தான் எழ முடிகிறதென்றால் ஊன்றியே தொடங்குங்கள். சமநிலைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து 10 விநாடி நில்லுங்கள். எளிதானதும் இரு கைக்குப் பதில் ஒரு விரல் மட்டும் தூணில் இருக்கட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஆத்தங்குடிக் கல் உலர்ந்திருக்கும்போது காலுக்கு இதம், ஈரம் பட்டால் வழுக்கும். மழைச் சாரல் முற்றத்திலிருந்து வளவுக்கு வரும் நாளில் நடையை நிறுத்துங்கள். பளபளப்புக்காக எண்ணெய் போட்டுத் துடைப்பதைப் பெரியவர் நடக்கும் வழியில் விட்டுவிடலாம். நிலைப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். கண்புரை உள்ளவருக்குக் கருங்கல் படியும் தரையும் ஒன்றாகத்தான் தெரியும். காலுறை மட்டும் போட்டு நடக்காதீர்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு வேண்டும், ஆள் அசைந்தால் தானாக எரியும் விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. எழுந்ததும் தலை சுற்றினால், படுத்தபடி ஒரு முறையும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் மாத்திரையை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும்.

வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கவுனி அரிசி எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் மூளை நன்றாக இருக்குமா?
*வாசகி, கானாடுகாத்தான்*

நிறுத்த வேண்டாம். பண்டிகைப் பலகாரம் தினசரிக் காலைச் சாப்பாடாக மாறியதுதான் தொல்லை. கவுனி அரிசியின் கறுப்பு நிறச் சத்தைப் புகழ்கிறார்கள், ஆனால் நம் வீடுகளில் அது சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த இனிப்பாகத்தான் இலைக்கு வருகிறது. இரண்டு கரண்டி போதும்.

மூளைக்கு அதிகம் கெடுதி செய்பவற்றில் ஒன்று கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120-க்குக் கீழே வைத்த பிரிவில், 140-க்குக் கீழே வைத்த பிரிவைவிட, லேசான நினைவுக் குறைவு 19 சதவீதம் குறைந்ததாக 2019-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. உங்களுக்கு எந்த அளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், தளர்ந்த உடம்புக்காரருக்கு அவ்வளவு இறக்கினால் மயக்கம் வரும்.

பெரியவர்களுக்கு உண்மையில் குறைவது புரதம். கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது, 50 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. பல் போனதும் ரசம் சாதம், இட்லி என்று சுருங்கிவிடுவார்கள். பாசிப்பருப்புக் கும்மாயத்தில் கருப்பட்டியைக் குறைத்துச் செய்யலாம், குழைய வேகவைத்த சுண்டல், முட்டை, முள்ளில்லாத மீன் கொடுக்கலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கான மெட்பார்மின் பல வருடமாகப் போடுபவர்களும் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். தைராய்டும் அப்படியே.

68 வயது, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறேன். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகலாமா?
*வாசகர், காரைக்குடி*

இதயமும் பாதமும் சரி என்று மருத்துவர் சொன்னால் போகலாம். கூட்டத்தோடு சேர்ந்து நடப்பது மனதுக்கும் உடம்புக்கும் நல்லது. இரண்டு மாதம் முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குங்கள். நாள் முழுக்க நடக்கும்போது அந்த மாத்திரை சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும், அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எது சாதாரண மறதி, எது நோய்?
*வாசகர், கோட்டையூர்*

பெயர் நாக்கு நுனியில் நின்று பிறகு வந்தால் வயது. சாவியை வைத்த இடம் மறந்தால் வயது. ஐம்பது வருடம் பால் பணியாரம் செய்தவர் அடுத்து என்ன போடுவது என்று திகைத்து நின்றால், தெரிந்த வீதியில் வழி தவறினால், ஓய்வூதியப் பணத்தை எண்ண முடியாமல் பிறரிடம் கொடுத்தால் பரிசோதனை வேண்டும். கூடவே இருப்பவர் ஒருவர் மருத்துவரிடம் போக வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவரை எழுத்துக் கேள்விகளால் மட்டும் சோதித்தால் நோய் இல்லாதபோதும் மதிப்பெண் குறையும், அவர் அன்றாட வேலையை எப்படிச் செய்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீதியில் ஒன்பது வீடுகளில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று இளைஞர்கள் நாலு பேர் நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
*வாசகர், கொத்தமங்கலம்*

வாரம் இரண்டு நாள், மாலை 5-லிருந்து 6 வரை, ஒரே இடம், ஒரே நேரம் என்று வையுங்கள். நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் மறதி உள்ளவர்கள்தான் முதலில் நின்றுபோவார்கள். அகலத் திண்ணை உள்ள வீடு நல்லது, ஆனால் ஏறப் படி இருந்தால் கைப்பிடி வேண்டும். கைவைத்த நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஒரு வட்டத்தில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் காது மந்தமானவர் பேச்சைத் தொடர முடியாமல் விலகிவிடுவார். தெரு இரைச்சலுக்கு முதுகு காட்டி அவரை உட்காரவையுங்கள்.

சும்மா வந்து உட்காரச் சொன்னால் இரண்டு வாரம் வருவார்கள். ஆளுக்கொரு வேலை கொடுத்தால் தொடர்ந்து வருவார்கள். ஒருவர் தேவாரம் சொல்லித் தரட்டும், ஒருவர் செய்தித்தாள் படிக்கட்டும், ஒருவர் வருகைக் கணக்கு எழுதட்டும், ஓர் ஆச்சி பிள்ளைகளுக்குத் தாயம் கற்றுக்கொடுக்கட்டும். முதல் பத்து நிமிடம் நாற்காலிப் பயிற்சி. மாதம் ஒருநாள் ரத்த அழுத்தம் பாருங்கள்: ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பாதம் தரையில், துணி விலக்கிய கையில், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் உங்கள் ஊருக்கும் வருவார், அவர் வரும் நாளையே அதற்கு வைத்துக்கொண்டால் வேலை எளிது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களையும் காவலுக்கு இருக்கும் பெரியவர்களையும் கட்டாயம் சேருங்கள். பல ஆச்சிகளுக்கு நாள் முழுவதும் பேசக் கிடைக்கும் ஒரே ஆள் அவர்கள்தான், மாற்றத்தை முதலில் கவனிப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கும் வயதாகிறது, அவர்களின் காதையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க யாரும் இல்லை.

5.15-க்குள் வராதவருக்கு ஒருவர் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டுக்கே போக வேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். கதவருகே பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். பிள்ளைகளின் எண், பக்கத்து வீட்டு எண், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, 108 எல்லாம் அதில் இருக்கட்டும். தொல்லை, ஏமாற்று, தனிமை எதுவானாலும் பேச முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மன உளைச்சலுக்கு 14416.